கடைசியில் திறந்தது முதலில்

சின்னையன் செத்த அன்றைக்கு மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளாக் கிராமம் எருத்தேன்பதியில், கிணற்று மேட்டுக்குக் கிழக்கே கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மனிதர் மண்வெட்டியை ஊன்றி நின்றார், நெஞ்சைத் தடவினார், வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பார்த்தவர் யாருமில்லை. திறந்த மடைகள் திறந்தபடி கிடந்தன. அவிழ்த்துவிட்ட கன்று பசுவின் மடியை முட்டிக்கொண்டே இருந்தது. தண்ணீர் கரும்பை நிறைத்து, மிளகாய் நாற்றை மிதக்கவிட்டு, வண்டித்தடத்தில் வந்து தேங்கிய பிறகுதான் வழியில் போன ஒருவர் கூப்பாடு போட்டார். அதற்குள் கிணறு வற்றி, மோட்டார் காற்றை உறிஞ்சி, தோட்டமெல்லாம் காந்தல் வாடை.

அவருடைய பெண்சாதி ராமாத்தாள் வந்து பார்த்தாள். அழுதாள். அழுதுகொண்டே திட்டவும் திட்டினாள்.

"போற மனுசன் ஒத்த மடையாச்சும் அடைச்சுப்போட்டுப் போகக் கூடாதா? எல்லாத்தையும் தொறந்து போட்டுட்டு இப்படியா போவாங்க?"

சாவுக்கு வந்த ஒறம்பரை, சொந்தக்காரச் சனம், வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டது. செத்தவரைத் திட்டுகிற பொம்பளையை அவர்கள் பார்த்ததில்லை. ராமாத்தாளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இல்லாத நல்ல வார்த்தையை வாயில் வரவழைக்க அவளுக்கு எந்தக் காலத்திலும் வராது. கைநாட்டு வைக்கிறவள்தான், ஆனால் நாக்கு மட்டும் நல்ல கூர்.

அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரே மகள் நாச்சம்மாள் மெல்ல எழுந்து போனாள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கி, மடை மடையாக மண்ணைத் தள்ளி அடைத்தாள். முதல் மடையிலிருந்து ஆரம்பித்துக் கடைசி மடை வரைக்கும் போனாள். அந்தக் கிணறு மூன்று குடும்பத்துக்குப் பொது. முறைத் தண்ணீர். யார் முதலில் திறந்தாரோ அவர்தான் முதலில் அடைக்க வேண்டும். அப்போதுதான் எல்லார் காட்டுக்கும் தண்ணீர் ஒரே அளவாகப் பாயும், சண்டை வராது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய முறை. அப்பன் செத்த அன்றைக்கும் அந்தப் பிள்ளை முறை தப்பவில்லை.

பிறகு படித்தாள். படிக்கவைத்தது ராமாத்தாளின் தம்பி பொங்கியண்ணன். அக்காவின் பண்ணையத்தைப் பார்க்க வந்தவன் அங்கேயே தங்கிவிட்டான். கல்யாணத்தையும் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் விட்டுவிட்டான். நாச்சம்மாள் பக்கத்துச் சித்தூர் சர்க்கார் கல்லூரியில் கணக்கு எடுத்தாள். காலையில் பஸ்சில் தொற்றிக்கொண்டு போவாள், பொழுது சாயத் திரும்புவாள்.

"கணக்குப் படிச்சு என்னடி பண்ணுவ? வட்டிக்கு உடப் போறியா?" என்பாள் ராமாத்தாள்.

"போங்கம்மா. உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்."

"எனக்குப் புரியாததையெல்லாம் எதுக்குடி பீசு கட்டிப் படிக்கற?"

படித்து முடித்ததும் வேலை கிடைத்தது. கொழிஞ்சாம்பாறை ரோட்டில் நஞ்சப்பனின் பம்பு கம்பெனி. நஞ்சப்பன் கோயமுத்தூர்க்காரர். தமிழ்நாட்டில் அப்போது கரண்டு வெட்டு போட்டுத் தாளித்துக்கொண்டிருந்தார்கள். கேரளாப் பக்கம் கரண்டுக்குப் பஞ்சமில்லை. அதனால் எல்லை தாண்டி வந்து கொட்டகை போட்டிருந்தார். செய்த பம்பு ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துத்தான் வெளியே அனுப்புவார். தரையில் ஒரு தொட்டி, மேலே பனைமர உயரத்தில் இன்னொரு தொட்டி, நடுவில் கனத்த குழாய். கீழ்த்தொட்டித் தண்ணீரைப் பம்பு மேல்தொட்டிக்கு ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏற்றுகிறது, எவ்வளவு அழுத்தம் என்று பார்த்து எழுத நாச்சம்மாளை வைத்தார்.

அதற்கு அடுத்த வருசம், எழுபத்தொன்பதில், நஞ்சப்பனின் மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டியோடு வந்தான். கம்ப்யூட்டர் என்றான். டைப் அடிக்கிற கட்டை இருந்தது, மேலே கண்ணாடி முகம் இருந்தது, பக்கத்தில் பாட்டுக் கேட்கிற டேப் ரிக்கார்டர் ஒன்று இணைத்திருந்தது. செய்ய வேண்டிய வேலையை வரிசையாக அதற்குள் எழுதிவைத்தால் அது தானே பம்பை ஓட்டும், தானே அளக்கும். அந்த எழுத்துக்குப் புரோகிராம் என்று பெயர். கேசட்டில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். மகன் கொஞ்ச நாள் இருந்து நாச்சம்மாளுக்குக் காட்டிக்கொடுத்தான், புத்தகங்களைக் கொடுத்தான், மறுபடி பிளேன் ஏறிவிட்டான். பெட்டி அவள் தலையில் விழுந்தது. அவள் சந்தோசமாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

கம்பெனிப் பிட்டர் சுவக்கீன். மாட்டுப்பட்டிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் பேக்டரியில் மிஷின் பார்த்துவிட்டு வந்த மனிதர். பேச்சு தெற்கத்திப் பேச்சு. பெட்டியை அவருக்குக் கண்ணில் கண்டால் ஆகாது.

"ஏம்மா நாச்சியா, ஒம் பெட்டிக்குக் கை இல்ல, காலு இல்ல. வால்வு இறுகிக்கிச்சுன்னா ஸ்பேனரு புடிக்குமா அது?"

"புடிக்காதுங்ணா. அதுக்குத்தான் நீங்க இருக்கீங்கள்ல."

"அப்ப நான் அதுக்கு எடுபிடிங்கிற?"

"ஆமாங். சம்பளம் மட்டும் உங்களுக்கு."

சுவக்கீன் சிரித்துவிடுவார். திட்ட வந்தவரைச் சிரிக்கவைத்து அனுப்புவது தாயிடமிருந்து வந்த நாக்கு. தாய் சிரிக்காமல் பேசுவாள், மகள் சிரித்துக்கொண்டு பேசுவாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

பெட்டி நாலு காரியம் செய்தது. முதலில் பம்பின் கழுத்துக்குச் சின்னக் குழாயில் தண்ணீர் விடும். சுழலுகிற தண்டு காயாமல் இருக்க அந்தத் தண்ணீர் வேண்டும். இரண்டாவது, மோட்டாரைப் போடும். மூன்றாவது, மேலே போகிற பெரிய வால்வைத் திறக்கும். நாலாவது, அழுத்தம் காட்டுகிற கடிகாரத்தின் திருகைத் திறக்கும். ஒவ்வொன்றுக்கும் சுவரில் மாட்டிய சின்ன டப்பா ஒன்று 'டக்' என்று சொல்லும். அளந்து முடித்ததும் எல்லாவற்றையும் அடைக்கும். அடைக்கிற கட்டளையை நாச்சம்மாள் புரோகிராமின் வாலில், கடைசி வரிகளாக எழுதியிருந்தாள்.

ஒருநாள் எல்லாரும் சோறு தின்னப் போயிருந்தபோது, ஓடிக்கொண்டிருந்த பம்பு காற்றை இழுத்தது. அழுத்தம் விழுந்தது. இது தப்பு என்று கண்டுபிடித்த புரோகிராம் கண்ணாடியில் தப்பு என்று எழுதிவிட்டு அந்த இடத்திலேயே முடிந்துபோனது. பாதியில் முடிந்த புரோகிராமுக்கு வால் ஏது? அடைக்கிற வரிகளுக்கு அது போய்ச் சேரவே இல்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தவர்களைக் காந்தல் வாடைதான் வரவேற்றது.

அன்றைக்கு நாச்சம்மாள் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்றாள்.

"ஏன், மொதலாளி வஞ்சாரா?" என்றாள் ராமாத்தாள்.

"வையலைங்மா."

"பின்ன?"

"நடுவால நின்னு போச்சுங்மா. எல்லாந் தொறந்தது தொறந்தாப்பல. மோட்டாரு ஓடிட்டே கெடந்துச்சு." தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா மாதிரியே."

 ராமாத்தாள் தட்டில் போட்ட சோற்றை எடுத்துப் பானையில் கொட்டிவிட்டு எருமைக்குத் தவிடு கரைக்கப் போனாள்.

சின்னையனின் சாவு அந்த வீட்டில் பேசப்படாத விஷயம் ஒன்றுமில்லை. ராமாத்தாள் வாரத்துக்கு நாலு தடவை அவரைத் திட்டுவாள். ஆனால் மகளும் அந்த மடைகளை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் திரிந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை போய் அடைத்துவிட்டு வந்ததோடு சரி என்று நினைத்திருந்தாள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. களத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். நாச்சம்மாள் உரிப்பதை விட்டுவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, "அம்மா, வாலுல எழுதுனதுதானுங் தப்பு" என்றாள்.

"எருமை வாலா?"

"புரோகிராம் வாலுங். அடைக்கற வேலைய வாலுல எழுதக் கூடாது. தொறக்கறப்பவே சொல்லி வெச்சரோணும்."

"யாருகிட்ட?"

"மிஷினுகிட்டயேதானுங். மோட்டாரப் போட்ட ஒடனே, 'நான் எப்படி முடிஞ்சாலுஞ் சரி, முடியறப்ப இந்த மோட்டார நிறுத்தோணும்'னு ஒரு வேலையப் பதிஞ்சு வெச்சரோணும். வால்வத் தொறந்த ஒடனே அதுக்கொண்ணு. அப்பறம் புரோகிராமு நல்லா முடிஞ்சாலும் அதுகளக் கூப்புடும். தப்புன்னு நடுவால முடிஞ்சாலுங் கூப்புடும். நாம நிறுத்துன்னாலுங் கூப்புடும். தொறக்காததுக்குச் சொல்லி வெச்சிருக்காது, அதனால தொறக்காததப் போயி நோண்டாது."

ராமாத்தாள் கையிலிருந்த கடலைக்காயை நசுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அது சாவறதுக்கு முன்னாலயே, செத்தா என்ன பண்ணோணும்னு சொல்லி வெச்சுக்குதா?"

"ஆமாங்மா."

"செத்தப்பறம் யாரு பண்ணுவா?"

"சாவற அந்தக் கடைசி நிமிசத்துல அதே பண்ணிட்டுத்தானுங் போகும்."

 அன்று முழுக்க ராமாத்தாளின் கை வேலையில் நிற்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "ஏண்டா, இப்படியொண்ணு இருக்க முடியுமா?" என்று கேட்டாள். பொங்கியண்ணன், "அமெரிக்காக்காரன் பண்ணுவான்க்கா" என்றான். "அமெரிக்காக்காரன் இல்லடா, நம்ம நாச்சா பண்றாளாம்" என்றாள். சொல்லும்போது அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது.

நாச்சம்மாள் எழுதி முடித்தாள். ஓட்டிப் பார்க்கிற அன்றைக்கு நஞ்சப்பனும் சுவக்கீனும் பக்கத்தில் நின்றார்கள். நடுவில் நிறுத்தினாள். பதிந்து வைத்திருந்த வேலைகளைப் பெட்டி ஒன்று விடாமல் கூப்பிட்டது. ஆனால் அவள் சொல்லியிருந்த வரிசை முறைத் தண்ணீர் வரிசை. முதலில் பதிந்ததை முதலில். மூன்று குடும்பக் கிணற்றில் வளர்ந்த பிள்ளைக்கு வேறு வரிசை இருக்கும் என்றே தோன்றவில்லை. முதலில் திறந்தவன்தானே முதலில் அடைப்பான்?

கழுத்துத் தண்ணீர் நின்றது. மோட்டார் நின்றது. பெரிய வால்வு மட்டும் இன்னும் வாயைப் பிளந்தபடி இருந்தது. தூக்கிவிட ஆளில்லாத பனை உயரத் தண்ணீர் மொத்தமும் குழாய் வழியாகத் திரும்பிக் கீழே பாய்ந்தது. பம்பு தலைகீழாகச் சுற்றியது. அதற்குப் பிறகு வால்வு மூடிக்கொள்ள, ஓடி வந்த தண்ணீர் அதில் போய் அறைந்தது. பீரங்கி போட்ட மாதிரி ஒரு சத்தம். குழாய் பிளந்தது. சுவக்கீன் தொப்பல். நஞ்சப்பனின் வெள்ளை வேட்டியில் துருத் தண்ணீர்.

"ஞானஸ்நானம் ஆச்சு மொதலாளி," என்றார் சுவக்கீன், முகத்தை வழித்துக்கொண்டு. "எனக்கு இது ரெண்டாவது."

நஞ்சப்பன் சிரிக்கவில்லை. கோபக்காரர் இல்லை அவர். நிதானமாகத்தான் சொன்னார்.

"கண்ணு, வர்ற வெள்ளிக்கெழம தோட்டக்காரங்க பம்பு பாக்க வர்றாங்க. அன்னிக்கு இது ஒழுங்கா நின்னுதுன்னா இருக்கட்டும். இல்லீன்னா கட்டி மேல அட்டத்துப் பரண்ல போட்டர்றேன். பழையபடி சுவக்கீனே கையில திருகட்டும். அளந்து எழுதறதையும் அவரே எழுதிக்குவாரு. உனக்கு வேற வேல குடுக்க எங்கிட்ட இல்ல சாமி."

நாச்சம்மாள் அதை அப்படியே வந்து வீட்டில் சொன்னாள். அவளுக்கு வேலை போனால் சம்பளம் போவது பெரிதில்லை. அந்தப் பெட்டி போகும். இந்தப் பக்கத்தில் வேறெங்கும் அப்படியொரு பெட்டி இல்லை. எருத்தேன்பதியிலேயே இருந்து தண்ணீர் கட்ட வேண்டியதுதான். ராமாத்தாளுக்கு அது தெரிந்தது. தேற்றத் தெரியாதவள் தேற்றப் போகவில்லை.

மறுநாள் பொழுது சாய, பொங்கியண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து களத்தில் நிறுத்தினான். நாச்சம்மாள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். காளைகளை வண்டியில் பூட்டும்போது நுகத்தைக் கழுத்தில் வைத்துப் பிறகு பூட்டாங்கயிற்றை மாட்டுவார்கள். அவிழ்க்கிறபோது பொங்கியண்ணன் நுகத்தைத் தொடவில்லை. கழுத்தைச் சுற்றின கயிற்றை முதலில் எடுத்தான். பிறகுதான் நுகத்தைத் தூக்கினான். காளை தானாக விலகிப் போனது.

"மாமா!" என்று எழுந்தாள். "மறுபடியும் ஒருக்கா பூட்டி அவுருங்க."

"எதுக்கம்முணி? மாடு களச்சுப் போயிருக்குது."

"ஒருக்காங் மாமா."

"ஏம்புள்ள, மாடு அவுக்கறத நீ பாத்ததே இல்லியா?" என்றாள் ராமாத்தாள்.

"பாத்துட்டேதானுங்மா இருக்கறேன். நுகத்த மொதல்ல எடுத்தா என்னாவுங் மாமா?"

"கயிறு கழுத்துல இருக்கறப்பவா? நுகம் ஒருபக்கஞ் சாஞ்சு கயிறு இறுக்கிப்போடும். மாடு முழி பிதுங்கிச் சாகும். எந்தக் கூறுகெட்டவன் அப்படி அவுப்பான்?"

"நாந்தானுங் மாமா," என்றாள் நாச்சம்மாள். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்படியே உள்ளே போய்விட்டாள்.

பொங்கியண்ணன் அக்காளைப் பார்த்தான். "இவ எப்பக்கா மாடு அவுத்தா?"

"தெரீலடா. என்னமோ புடிச்சுட்டா. பேசாம இரு."

வெள்ளிக்கிழமை ராமாத்தாளும் போனாள். யாரும் கூப்பிடவில்லை. தோட்டக்காரர்கள் வருகிறார்கள் என்றுதானே சொன்னார்கள், நானும் தோட்டக்காரிதான் என்று பஸ் ஏறிவிட்டாள். கொட்டகையில் ஆம்பிளைகள் நிறைந்திருந்தார்கள். விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். மகள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நீலச் சேலை. பின்னல் முன்னால் விழுந்து கிடந்தது. பயந்தால் பின்னலை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வது அவளுடைய சின்ன வயசுப் பழக்கம். 

"இந்தப் பொட்டி பாட்டுப் பாடுமா?" என்றார் ஒருவர் கேசட்டைப் பார்த்து.

"தண்ணி நின்னா ஒப்பாரி பாடும்," என்றார் சுவக்கீன். புதுக்குழாய் மாட்டி இன்னும் துடைக்காத கையோடு நின்றார்.

நாச்சம்மாள் ஒரு கட்டையைத் தட்டினாள். சுவரில் முதல் டப்பா 'டக்' என்றது. கழுத்துத் தண்ணீர். 'டக்'. மோட்டார் உறுமியது. 'டக்'. பெரிய வால்வு மெல்லத் திறந்தது, மேல்தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. 'டக்'. கடிகார முள் எழுந்து நின்றது. யாரும் எதையும் தொடவில்லை. கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது.

"சித்தெ நேரம் ஓடும்," என்றார் நஞ்சப்பன். "அப்பறம் அதுவே அளந்து முடிச்சு, அதுவே நின்னுக்கும். பாருங்க."

ராமாத்தாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்ணா, முழுசா முடிச்சுட்டு நிக்கறதுல என்னங் அதிசயம்? முழுசா முடிச்சுப்போட்டு எவன் சாகறான்? நடுவால நிறுத்திக் காட்டுங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. நஞ்சப்பனின் முகம் சுருங்கியது. முன்னால் நடுவில் நிறுத்தி என்ன ஆனது என்று அவருக்குத் தெரியும். "அம்மணி, அது..." என்று இழுத்தார்.

"ஏன், நிக்காதா?"

"அம்மா," என்றாள் நாச்சம்மாள்.  எழுந்து நின்றாள். கட்டைக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். "நிறுத்தறது இதுங். நீங்களே அமுக்குங்க."

அப்போதுதான் ராமாத்தாளுக்கு உறைத்தது. வாய் பேசிவிட்டது. இப்போது கை செய்ய வேண்டும். அமுக்கி, குழாய் மறுபடி பிளந்தால், தன் கையாலேயே மகளை எருத்தேன்பதிக்குக் கூட்டிப்போன மாதிரி. அமுக்காமல் பின்வாங்கினால், பெற்றவளே நம்பவில்லை என்று இத்தனை பேர் முன்னால் ஆகிவிடும். மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. அந்த உறுமல் அவளுக்குப் பழைய உறுமல். கரும்புக் காட்டில், ஆளில்லாமல், நெடுநேரம் கேட்ட உறுமல்.

"நாச்சா. சொல்லி வெச்சிருக்கறயா?"

"எல்லாத்துக்கும் சொல்லி வெச்சிருக்கறேனுங்மா."

ராமாத்தாள் அமுக்கினாள்.

கண்ணாடியில் எழுத்து நின்றது. புரோகிராம் முடிந்துவிட்டது. அது செத்துப்போனது ராமாத்தாளுக்கே தெரிந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. சுவக்கீன் ஓரடி பின்னால் போனார்.

'டக்.'

கடிகாரத்தின் திருகு அடைபட்டது. முள் நின்ற இடத்திலேயே நின்றது. கடைசியில் திறந்தது முதலில்.

'டக்.'

பெரிய வால்வு மெல்ல, அவசரமே இல்லாமல், வாயை மூடியது. மேல்தொட்டியில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் சன்னமாகி, சொட்டாகி, ஓய்ந்தது. பனை உயரத் தண்ணீர் அங்கேயே அந்தரத்தில் நின்றது. ஒரு துளிகூடத் திரும்பி வரவில்லை.

'டக்.'

மோட்டார் உறுமலை விட்டது. அது விட்ட பிறகுதான் அத்தனை நேரமும் எவ்வளவு சத்தம் இருந்தது என்று தெரிந்தது. தண்டு சுற்றிச் சுற்றி, தளர்ந்து, நின்றது. அது நிற்கிற வரைக்கும் கழுத்துத் தண்ணீர் மட்டும் சன்னமாக ஓடி அதைக் குளிரவைத்துக்கொண்டிருந்தது.

'டக்.'

அதுவும் நின்றது.

 சுவக்கீன் புதுக்குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நடுக்கம் இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். கோயிலுக்குள் நிற்கிற மாதிரி.

ராமாத்தாள் அதுவரைக்கும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. எடுக்கத் தோன்றவில்லை. செத்த ஒன்று திரும்பி நடந்ததை அவள் பார்த்துவிட்டாள். வந்த வழியே, அடி மேல் அடி வைத்து, தான் திறந்த கதவையெல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, கடைசியில் முதல் கதவையும் சாத்திவிட்டுப் போயிற்று. அதைப் போகச் சொல்லித் தள்ளியது அவள் கை. அப்படியும் அது ஒன்றையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அதற்கு அந்தப் புத்தியைக் கொடுத்தது அவள் வயிற்றில் பிறந்தது. எத்தனையோ பேச வாய் இருந்த அந்த மனுஷிக்கு, இரண்டு கையையும் கூப்பத்தான் தோன்றியது. பெட்டியைக் கும்பிட்டாளா, மகளைக் கும்பிட்டாளா என்று பிற்பாடு பொங்கியண்ணன் கேட்டபோது அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"அம்மா, கும்புடாதீங்க, எல்லாரும் பாக்கறாங்க," என்று நாச்சம்மாள் கிசுகிசுத்தாள்.

"பாக்கட்டும்டி." மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு பழைய ராமாத்தாள் திரும்பி வந்துவிட்டாள். "செரி, மெயின் சுச்சையே ஒருத்தன் புடுங்கிப்போட்டா?"

நஞ்சப்பன், ஐயோ இது வேறயா என்று பார்த்தார். நாச்சம்மாள் பொய் சொல்லவில்லை.

"அப்ப ஒண்ணும் பண்ணாதுங்மா. போறப்ப பண்ணிட்டுப் போறதுக்கும் அதுக்குக் கொஞ்சம் உசுரு வேணும். ஒரே வெட்டா வெட்டுனா, சொல்லி வெச்சதெல்லாம் சொல்லி வெச்சபடியே போயிரும். அதுக்கு ஆளுதான் வேணும்."

"அதுக்கு நான் இருக்கேன்ல," என்றார் சுவக்கீன். "பெட்டி போனா அண்ணன் வாரேன். அதுவும் கடைசிலருந்துதான் திருகுவேன், பயப்படாத."

ராமாத்தாள் மகளையே பார்த்தாள். அப்புறம் மெல்லச் சொன்னாள். மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

"உங்கப்பனுக்கு அப்படித்தான்டி ஆச்சு. ஒரே வெட்டு."

"ஆமாங்மா."

"நான் சும்மா வஞ்சுட்டேன் அந்த மனுசன. இத்தன வருசம்."

நாச்சம்மாள் தாயின் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

நஞ்சப்பன் தொண்டையைச் செருமினார். "பொட்டி இருக்கட்டும்," என்றார் கூட்டத்தைப் பார்த்து. பிறகு நாச்சம்மாளைப் பார்த்து, "நீயும் இரு கண்ணு. ஆனா ஒண்ணு. அந்தச் செவப்புப் பொத்தான் இருக்கற பக்கம் உங்கம்மாள உடாத. எனக்கு நெஞ்சு வலியே வந்துருச்சு."

"நெஞ்சு வலி வந்தா மடைய அடைச்சுப்போட்டுப் படுங்ணா," என்றாள் ராமாத்தாள்.

மறுநாள் காலையில் எருத்தேன்பதியில் அவர்கள் முறை. நாச்சம்மாள் முதல் பஸ்சுக்கே வேலைக்குப் போய்விட்டாள். ராமாத்தாள் மோட்டாரைப் போட்டுவிட்டு, மண்வெட்டியோடு போய் மடையைத் திறந்தாள். நிமிர்ந்து, மேட்டில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் பொங்கியா! மோட்டாரு போட்டிருக்கறேன். கெழக்கு மடை தொறந்திருக்கறேன். நான் உழுந்துட்டா மொதல்ல மோட்டார நிறுத்து, அப்பறம் மடைய அடை."

பொங்கியண்ணன் அரிவாளோடு நிமிர்ந்தான். "ஏன்க்கா, பொழுது விடிஞ்சும் விடியாம இதென்ன பேச்சு?" பிறகு கொஞ்சம் யோசித்தான். "அது செரி. கடேசியாத் தொறந்தது மடைதான? நாச்சா கணக்குப்படி அதத்தான மொதல்ல அடைக்கோணும்?"

"மடைய மொதல்ல அடச்சா ஓடற தண்ணி எங்கடா போகும், உன்ற மண்டைக்கா? அது பம்புக்கு. இது காடு. எதெதுக்கு எதுன்னு பாத்துத்தான் சொல்லி வெக்கோணும். கேட்டுதா இல்லியா, பதில் சொல்லு!"

"கேட்டுதுக்கா. மோட்டாரு, அப்பறம் கெழக்கு மடை."

"ஆங்," என்றாள் ராமாத்தாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மடையைத் திறக்கப் போனாள். போகிற வழியில், கரும்புக் காட்டு வரப்பில் சின்னையன் சாய்ந்த இடம் வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் அவரை ஒரு வார்த்தை வைவாள். அன்றைக்கு வையவில்லை. "உங்க புள்ள பண்ணுனதக் கேட்டீங்களா?" என்று ஆரம்பித்து, நேற்று நடந்ததை, ஒரு டக்கையும் விடாமல், முதலிலிருந்து சொல்லிக்கொண்டே நடந்தாள்.